வன்னிக்கு எந்த லென்ஸ்?

வன்னிக்குப் படமெடுக்க வெளிக்கிடுற ஆக்கள் முதல் கேட்கிற கேள்வி இதுதான்: 70-200 காணுமோ, இல்லாட்டி 100-400 வேணுமோ? கொழும்பிலிருந்து வாறவையும் கேட்கினம், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வாற மச்சான்மாரும் கேட்கினம். எங்கட பதில் கொஞ்சம் எரிச்சலைத்தான் தரும். ஆக்களைப் படமெடுக்கப் போறியள் எண்டால் இரண்டும் வேண்டாம்.

ஏன் எண்டு சொல்லுறம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். அது வருடக்கணக்காக நீண்டது. வந்து போன கமராக்களுக்குக் கணக்கில்லை. அந்தப் படங்களில் ஒருவகை எல்லாருக்கும் தெரியும்: பின்னணி முழுக்கக் கரைந்து, ஒரு அம்மாவின் கண்ணும் கண்ணீரும் மட்டும் கூராக. பார்க்க உருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கோ. முழுச் சட்டகக் கமராவில் 200 மில்லிமீற்றர், எஃப் 2.8, ஐந்து மீற்றர் தூரம் என்றால் கூராக விழும் ஆழம் ஏறத்தாழ பத்து சென்ரிமீற்றர்தான். அந்த அம்மா மகனின் படத்தை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறா. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கையில் இருக்கிற படம் மங்கிப் போகும். அவ அங்கே வந்து இருக்கிறதே அந்தப் படத்தைக் காட்டத்தான். உங்கட விலை கூடின லென்ஸ் அதைத்தான் முதலில் அழிக்குது.

அதே இடத்தில் 35 மில்லிமீற்றர் லென்ஸோடு ஒன்றரை மீற்றர் தூரத்தில் நின்று எஃப் 8 வைத்தால், முக்கால் மீற்றருக்கு மேல் கூராக இருக்கும். முகமும் விழும், படமும் விழும். ஒன்றரை மீற்றருக்குள் போகவேணும் எண்டால் முதலில் கதைக்கவேணும். "அம்மா, எடுக்கலாமோ?" என்று கேட்கவேணும். "வேண்டாம் தம்பி" எண்டா கமராவைக் கீழே இறக்கவேணும். றோட்டுக்கு அங்கால நின்று எடுக்கிறவனுக்கு இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. வன்னியில் போரின் நடுவே நின்று படமெடுத்த அமரதாஸ் போன்றவர்கள் அந்தச் சனங்களோடு சனமாக இருந்து எடுத்தவர்கள். பஸ்ஸில் இறங்கி இரண்டு மணித்தியாலத்தில் திரும்பிப் போற எங்களுக்கு அந்த நெருக்கம் கிடைக்காது. கேட்டுவிட்டு எடுக்கிறதாவது எங்கட கையில் இருக்கு.

எந்த கமரா என்றால், பாவித்த ஒரு பழைய பொடியும் அதோடு வாற 18-55 லென்ஸும் தாராளம். 2022இல் ரூபாய் விழுந்த விழுக்காட்டில் புது கமரா எங்கள் கனபேருக்குக் கனவாகவே போச்சு. அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. போனும் காணும். ஆனால் போனில் போர்ட்ரெய்ட் மோடைப் போடாதேங்கோ. அதுவும் கையிலிருக்கிற படத்தை மங்கலாக்கிற அதே வேலையைத்தான் செய்யும்.

நீள லென்ஸுக்கும் வன்னியில் இடம் இருக்கு. சுண்டிக்குளத்திலும் கொக்கிளாயிலும் பறவைகள். பூநாரைக் கூட்டத்துக்குக் கிட்டப் போனால் எழும்பிப் பறந்துவிடும், அங்கே 400 மில்லிமீற்றர் நியாயம். ஆனால் அதே லென்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டபடி முகாம் வேலி ஓரமாக நடக்காதேங்கோ, கேள்வி வரும். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேணும். நந்திக்கடலை மேலிருந்து காட்டுற வீடியோ யூடியூப்பில் போதுமான அளவு கிடக்கு, நீங்களும் ஒன்று போடத்தான் வேணுமோ?

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. கிரவல் றோட்டில் மோட்டார் சைக்கிளில் போகேக்க லென்ஸ் மாத்தாதேங்கோ. செம்புழுதி சென்சரில் குடியிருக்கும். முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்ற அன்று இரவே கமராவை இலேசாக ஈரமான துணியால் துடையுங்கோ, உப்பு காத்திருக்காது. மாரியில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பிளாஸ்ரிக் டப்பா போதும். அரிசிக்குள் புதைக்கிற வைத்தியம் வேண்டாம், அரிசி மா தூசியாக உள்ளே போகும்.

இனி எங்களுக்கு முக்கியமான விசயம். இரண்டாவது லென்ஸுக்கு வைத்திருக்கிற காசில் ஒரு சின்ன பிரின்ரர் வாங்குங்கோ. கனன் செல்ஃபி மாதிரி ஒன்று, தபாலட்டை அளவில் படம் தரும், பையுக்குள் அடங்கும். 2008இலும் 2009இலும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது வன்னிச் சனம் அல்பங்களையும் விட்டுவிட்டுத்தான் ஓடினது. பிறகு பிள்ளையின் முகம் வேணும் எண்டு தேடினவர்களுக்கு மிஞ்சினது ஒரு அடையாள அட்டைப் படம், இல்லாட்டி ஆற்றையோ கலியாணவீட்டுக் குழுப்படத்தில் மூன்றாவது வரிசையில் நின்ற முகம். அதை வெட்டி, பெருப்பித்து, புள்ளி புள்ளியாக உடைந்த அந்த முகத்தைத்தான் கனபேர் போராட்டத்துக்குக் கொண்டு வந்தார்கள். வீட்டுச் சுவரிலும் அதுதான் தொங்குது, சில வீடுகளில் மாலை போடாமல். ஏன் மாலை இல்லை என்று கேட்காதேங்கோ.

அப்படியான ஊரில் படம் என்பது இன்ஸ்ரகிராமுக்கு மட்டும் போற சாமான் இல்லை. "வட்சப்பில் அனுப்புறன் அம்மா" என்று சொல்லிப் போன எத்தனை பேர் அனுப்பினவை? அனுப்பினாலும் அந்தப் போன் பழுதாகினால் படமும் போச்சு. எடுத்த இடத்திலேயே பிரின்ற் போட்டுக் கையில் குடுங்கோ. பேரப்பிள்ளையோடு இருக்கிற படம், கோழிக்கூட்டடியில் சிரிச்சுக்கொண்டு நிற்கிற படம், என்னவும் பரவாயில்லை. பின்பக்கம் திகதியும் ஊரும் எழுதுங்கோ. பிரின்ரர் வாங்க வசதியில்லை எண்டால் கிளிநொச்சி ரவுணில் ஸ்ரூடியோ ஒன்றில் கழுவி, அடுத்த முறை போகேக்க கொண்டு போங்கோ. லமினேற் பண்ணினால் இன்னும் நல்லது, மாரிக்கு ஒழுகிற வீடுகள் இன்னும் இருக்கு.