முதலில் கண், அப்புறம் மவுஸ்!



ரெட்டியார்பாளையம் வழியாக வில்லியனூர் போகும் பேருந்தைக் கணினியில் ஓடவிட ஆசையா? கிளம்பும் இடத்தில் ஒரு 'கீ ஃபிரேம்', நிற்கும் இடத்தில் இன்னொன்று வைத்தால் போதும். விநாடிக்கு 24 படம் என்றால், 5 விநாடிக்கு 120 படங்கள் வேண்டும். நடுவில் வரும் படங்களை முன்பெல்லாம் ஓவியர்கள் ஒவ்வொன்றாகக் கையால் வரைந்தார்கள். இன்று கணினியே நிரப்பிவிடுகிறது.

ஆனால், ஒரே வேகத்தில் நிரப்பினால் பேருந்து பொம்மை மாதிரிதான் நகரும். நிஜப் பேருந்து மெல்லக் கிளம்புகிறது, பிறகு வேகமெடுக்கிறது, நிறுத்தம் வந்தால் தளர்கிறது. பிரேக் போட்டதும் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள். இதையெல்லாம் கவனித்து, எந்தெந்த நொடியில் கீ ஃபிரேம் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான்!

விலை உயர்ந்த மென்பொருள் இல்லையே என்று ஏங்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் 'பிளெண்டர்' மென்பொருளில் உருவான 'ஃப்ளோ' திரைப்படம், 2025-ல் ஆஸ்கர் விருதே வாங்கியது. மென்பொருளை யாரும் தரலாம். கூர்ந்து பார்க்கும் பழக்கத்தை நீங்களேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம் பேருந்துக்குக் காத்திருக்கும்போது, அது வந்து நிற்பதை நன்றாகப் பாருங்கள். அப்புறம் மவுஸைத் தொடுங்கள்!

அன்புடன்,
ஆசிரியர்