“உஷார்” குரல் நின்ற பிறகு உறங்கலாமா?

நள்ளிரவு. ஊர் உறங்குகிறது. தெருவில் காவல்காரர் நடந்து வருகிறார். தடியால் தரையைத் தட்டுகிறார். “பாரா உஷார்!” என்று குரல் கொடுக்கிறார்.

அந்தக் குரலைக் கேட்டு யாரும் பயந்து எழுவது இல்லை. நிம்மதியாகப் புரண்டு படுப்பார்கள். குரல் கேட்காமல் போனால்தான் விழிப்பார்கள். “காவல்காரருக்கு என்ன ஆயிற்று?” என்று கதவைத் திறந்து பார்ப்பார்கள்.

சத்தம் வந்தால் நிம்மதி. சத்தம் நின்றால் ஆபத்து. தெருக் காவலில் இருந்த இந்தச் சின்ன அறிவு, இன்றைய கம்ப்யூட்டர்களுக்கும் தேவைப்படுகிறது. அது இல்லாவிட்டால் மதுரை மக்களின் குடங்கள் காலியாகக் கிடக்க நேரும்.

குழாயின் மறுமுனை

மதுரை வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது. அது எங்கே இருந்து வருகிறது? தேனி மாவட்டத்தில் உள்ள வைகை அணையில் இருந்து வருகிறது. பண்ணைப்பட்டியில் சுத்தம் செய்யப்படுகிறது. பிறகு பெரிய குழாய்கள் வழியாக மதுரைக்கு வருகிறது. மேல்நிலைத் தொட்டிகளில் ஏறுகிறது. வார்டுகளுக்குப் பிரிகிறது. வைகை மட்டும் போதாது என்று, லோயர் கேம்பில் இருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் கொண்டுவரவும் திட்டம் போடப்பட்டது.

இவ்வளவு நீண்ட பாதையை யார் கவனிப்பது? முன்பு தொட்டிக்கு ஓர் ஆள் இருப்பார். ஏணியில் ஏறி எட்டிப் பார்ப்பார். தண்ணீர் நிரம்பினால் வால்வை மூடுவார்.

இப்போது இந்த மாதிரி வேலைகளுக்குக் கருவிகள் வந்துவிட்டன. தொட்டியில் ஒரு கருவி தண்ணீர் மட்டத்தை அளக்கிறது. பக்கத்தில் உள்ள பெட்டி அந்த அளவை ரேடியோ மூலமோ, செல்போன் சிம் கார்டு மூலமோ அனுப்புகிறது. தூரத்தில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் அது திரையில் தெரிகிறது. அங்கே இருந்தபடியே மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். இந்த ஏற்பாட்டுக்கு “ஸ்கேடா” என்று பெயர். தண்ணீர், மின்சாரம், பால் பண்ணை, நூற்பாலை, சிமெண்டு ஆலை என்று எல்லா இடங்களிலும் இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் வேலை செய்கின்றன.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுவில் இருக்கும் தொடர்பு அறுந்துவிட்டால்?

பொய் சொல்லும் திரை

இரவு 2 மணி. ஒரு தொட்டியில் 3 மீட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சிக்னல் போய்விடுகிறது. திரை என்ன காட்டும்? பல கம்ப்யூட்டர்களில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். “3 மீட்டர்” என்று காட்டிக்கொண்டே இருக்கும். 3 மணிக்கும் 3 மீட்டர். 5 மணிக்கும் 3 மீட்டர்.

ஊழியர் பார்க்கிறார். எல்லாம் சரி என்று நினைக்கிறார். அவர் மீது குற்றம் இல்லை. ஆனால் அங்கே தொட்டி காலி! அல்லது நிரம்பி வழிந்து, தண்ணீர் சாக்கடையில் ஓடுகிறது. விடிந்ததும் தாய்மார்கள் குழாயைத் திறக்கிறார்கள். காற்றுத்தான் வருகிறது.

எண் தெரிகிறது என்பது வேறு. எண் உயிரோடு இருக்கிறது என்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டாத திரை, இல்லாத திரையைவிட மோசமானது. திரை இல்லை என்றால் ஓர் ஆளாவது நேரில் போய்ப் பார்ப்பார்.

5 கோடிப் பேர் இருட்டில்!

இது கற்பனைப் பயம் அல்ல. 2003-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

ஓகியோ மாநிலத்தில் ஒரு மின்சாரக் கம்பெனி. அதன் கட்டுப்பாட்டு அறையில் ஆபத்தை அறிவிக்கும் புரோகிராம், பிற்பகல் 2 மணிக்குப் பிறகு ஓசை இல்லாமல் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று சொல்ல வேறு மணி இல்லை. மின்கம்பிகள் மரங்களில் பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் செயல் இழந்தன. மணி அடிக்கவில்லை. “மணி அடிக்கவில்லை. ஆகவே ஆபத்து இல்லை” என்று ஊழியர்கள் இருந்தார்கள்.

மாலை 4 மணிக்குப் பிறகு பெரும் இருட்டு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இன்றித் தவித்தார்கள். ரெயில்கள் நின்றன. லிப்டுகளில் ஆட்கள் சிக்கினார்கள்.

காவல்காரர் மயங்கி விழுந்தார். ஊர் அதை அமைதி என்று நினைத்தது!

கைகாட்டி சொல்லும் பாடம்

இந்தப் பாடத்தை ரெயில்வே நெடுங்காலத்துக்கு முன்பே கற்றுக்கொண்டது. பழைய கைகாட்டி மரம் பலருக்கு நினைவு இருக்கும். நிலையத்தில் நெம்புகோலை இழுத்தால், கம்பி இழுபட்டுக் கை இறங்கும். வண்டி போகலாம். கம்பி அறுந்துவிட்டால்? கை தானாகவே மேலே போய் “நில்” என்று காட்டும். அதற்காகவே எதிர்ப் பாரம் வைத்திருந்தார்கள்.

தொடர்பு அறுந்தால், “எல்லாம் நலம்” என்று காட்டக்கூடாது. “ஆபத்து” என்றுதான் காட்டவேண்டும். இதுதான் அந்தக் கைகாட்டியின் சட்டம். கம்ப்யூட்டருக்கும் இதே சட்டம் வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

செய்வது கடினம் அல்ல. ஒவ்வொரு தொட்டியின் பெட்டியும், தண்ணீர் மட்டத்தோடு சேர்த்து 1, 2, 3 என்று ஓர் எண்ணை மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். இதை என்ஜினீயர்கள் “இதயத் துடிப்பு” என்கிறார்கள். எண் மாறினால் பெட்டி உயிரோடு இருக்கிறது. மாறவில்லை என்றால் கம்பி சரியாக இருந்தும் பயன் இல்லை. மறுமுனை உறங்கிவிட்டது.

துடிப்பு நின்றதும் திரையில் அந்தத் தொட்டியின் எண் நிறம் மாற வேண்டும். “தகவல் நின்றது. கடைசியாக வந்த நேரம் 2 மணி 5 நிமிடம்” என்று தமிழிலேயே எழுதிக் காட்டட்டும். மணி அடிக்கட்டும். யார் போய்ப் பார்க்க வேண்டும் என்று பெயரும் போன் நம்பரும் பக்கத்தில் இருக்கட்டும்.

மோட்டார் அறையிலும் ஏற்பாடு வேண்டும். தகவல் நின்ற பிறகு மோட்டார் எவ்வளவு நேரம் ஓடலாம், எப்போது தானாக நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டரையே கண்காணிக்க இன்னொரு தனிக் கருவியும் தேவை. அமெரிக்கா கற்ற பாடம் அது.

“புலி வருது” கதை

“சிக்னல் அடிக்கடி போகும், வரும். ஒவ்வொரு தடவையும் மணி அடித்தால் யார் வேலை செய்வது?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. “புலி வருது, புலி வருது” என்று கத்தினால், உண்மையில் புலி வரும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தொல்லை தாங்காமல் மணியையே அணைத்துவிடுவார்கள்.

அதற்கு வழி மணியை எடுத்துவிடுவது அல்ல. ஒரு துடிப்பு தவறினால் பொறுக்கலாம். தொடர்ந்து மூன்று தவறினால் மணி அடிக்கலாம். ஒரே கோபுரம் பழுதாகி 20 தொட்டிகளின் தகவல் நின்றால், 20 மணி வேண்டாம். கோபுரத்துக்கு ஒரே மணி போதும். அப்படியும் ஓர் இடத்தில் நாள்தோறும் மணி அடித்தால், பழுது மணியில் இல்லை. சிக்னலில் இருக்கிறது. அதைச் சரி செய்ய வேண்டும்.

திருடனும் வரலாம்

தொடர்பைக் கவனிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மருச்சி என்ற பகுதி இருக்கிறது. 2000-ம் ஆண்டு அங்கே கழிவுநீர் மோட்டார்கள் காரணம் இல்லாமல் நின்றன. தொடர்பு அடிக்கடி அறுந்தது. கருவிக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு ரேடியோவில் போகும் செய்திகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். யாரோ பொய்க் கட்டளை அனுப்புவது தெரிந்தது. அந்தக் கருவிகளை அமைத்துக் கொடுத்த கம்பெனியில் முன்பு வேலை செய்தவரே அவர்! அவர் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். அதற்குள் லட்சக்கணக்கான லிட்டர் கழிவுநீர் ஓடைகளிலும் பூங்காக்களிலும் கலந்துவிட்டது.

யார் யாருடன் பேசுகிறார்கள் என்று குறித்துவைத்தால்தான், புது ஆள் நுழைந்தது தெரியும்.

வைகைக் கரையின் உயிர்

குடிநீர் மட்டும் அல்ல. வைகை அணை 1959-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அதில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். தண்ணீர் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்ட மக்கள் அந்த எண்ணை நம்பிக் கரையில் வாழ்கிறார்கள். எண் அங்கே இருந்தால் போதாது. கீழே வந்து சேர வேண்டும். வராவிட்டால், வரவில்லை என்பதாவது உடனே தெரியவேண்டும்.

திறப்பு விழா அன்று வண்ணத் திரை அழகாகத்தான் இருக்கும். எல்லாத் தொட்டிகளும் பச்சையாக மின்னும். விழாவுக்கு வருபவர்கள் ஒரே ஒரு சோதனை கேட்கட்டும். “ஒரு கம்பியைப் பிடுங்கிக் காட்டுங்கள்!” என்று சொல்லட்டும். அடுத்த நிமிடம் மணி அடித்தால், பணம் நன்றாகச் செலவாகி இருக்கிறது. திரை பச்சையாகவே சிரித்துக்கொண்டிருந்தால், கம்பெனிக்குப் பணம் கொடுக்கக்கூடாது. டெண்டரிலேயே இதை எழுதவேண்டும். விழாவோடு விடாமல், மாதம் ஒரு முறை சோதிக்க வேண்டும்.

காவல்காரருக்குச் சம்பளம் கொடுப்பது திருடன் வரும் அன்றைக்காக மட்டும் அல்ல. ஒவ்வொரு நாள் இரவும் அவர் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவும்தான். கம்ப்யூட்டரும் குரல் கொடுக்கட்டும். அந்தக் குரல் நின்றால், யாராவது எழுந்து போய்ப் பார்க்கட்டும்!