உடலுக்கேற்ற அளவு

நுழையும்முன்

உடுத்தும் உடை பொருந்தாதபோது நாம் நம் உடலையே குறை கூறிக்கொள்கிறோம். குறை உடலிலா, உடையின் அளவிலா? உடலை முப்பரிமாணத்தில் அளந்தறியும் தொழில்நுட்பம் இவ்வினாவுக்கு விடைகாண உதவுகிறது. அதனை எந்த நிபந்தனைகளோடு நாம் வரவேற்க வேண்டும் என்பதைப் பற்றிய ஓர் ஆசிரியரின் கருத்தே இக்கட்டுரை.

தையற்கடையும் உடைமாற்றும் அறையும்

பள்ளி திறக்கும் காலத்தில் நெய்வேலி நகரியத்தின் கடைத்தெருவில் ஒரு குரலை முன்பெல்லாம் தவறாமல் கேட்கலாம். "வளர்ற பிள்ளை, கொஞ்சம் தாராளமா வெச்சுத் தைங்கண்ணே" என்பதே அக்குரல். தையற்காரர் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை எடுத்துத் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என ஒவ்வொன்றாக அளந்து எண்களைச் சொல்லுவார். உதவியாளர் நீளமான குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். உட்புறம் மடித்துவிட்ட துணியை அடுத்த ஆண்டில் பிரித்துவிட்டால் அதே சட்டை மேலும் ஓராண்டு உழைக்கும்.

இன்று பலரும் ஆயத்த ஆடைகளையே வாங்குகிறோம். என் மாணவி ஒருத்தி கடைக்குச் சென்றுவந்த செய்தியைக் கூறினாள். மூன்று அளவுகளில் சுடிதார் எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் சென்றிருக்கிறாள். ஒன்றில் தோள் பொருந்தியது, இடுப்பு இறுக்கியது. மற்றொன்றில் இடுப்பு பொருந்தியது, தோள் வழிந்தது. மூன்றாவதும் அப்படியே. "என் உடம்புதான் சரியில்லை, ஐயா" என்று அவள் முடித்தாள். அந்தச் சொல்தான் என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. மூன்று சட்டைகள் தவறியிருக்க, பழியை அந்தப் பிள்ளை தன் உடலின்மீது ஏற்றுக்கொண்டாள். செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்ளும் மனநிலை அல்லவா இது?

முழமும் எண்ணும்

தமிழர் வாழ்வில் உடலே அளவுகோலாக இருந்தது. விரித்த விரல்களின் இடைவெளி சாண். முழங்கை முதல் விரல்நுனி வரை முழம். நான்கு முழ வேட்டி, எட்டு முழ வேட்டி என இன்றும் வழங்குகிறோம். வேட்டியும் சேலையும் தைக்கப்படாத உடைகள். மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் கொசுவத்தின் மடிப்புக் கூடும், குறையும், அவ்வளவே. வெட்டித் தைக்கும் உடை வந்தபோது ஒவ்வோர் உடலையும் தனித்தனியே அளக்கும் தையற்கலைஞர் வந்தார். தொழிற்சாலையில் ஒரே வடிவில் ஆயிரக்கணக்கான உடைகள் தைக்கப்படும் காலம் வந்தபோதோ, முன்பின் அறியாத ஒருவரின் உடலை ஊகித்து வெட்டவேண்டிய நிலை பிறந்தது. சிறியது, நடுத்தரம், பெரியது என்னும் அடையாளங்கள் அந்த ஊகத்தின் பெயர்களே.

அந்த ஊகத்துக்கு ஓர் அடிப்படை வேண்டும். அமெரிக்காவில் 1939, 1940ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு வேளாண்மைத் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அளவுகள் எடுக்கப்பட்டன. அது பெருமுயற்சிதான். ஆயினும் வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே அதில் கணக்கில் கொள்ளப்பட்டன. யாரை அளக்கவில்லையோ அவருக்கு அந்த அளவுப்பட்டியலில் இடமில்லை. இந்தியச் சந்தையிலும் அமெரிக்க, பிரித்தானிய அளவுமுறைகளே நெடுங்காலம் வழிகாட்டின. அங்குள்ளோரின் தோளும் இடுப்பும் உயரமும் நம்முடையவற்றோடு ஒத்திருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

சராசரி மனிதர் எங்கே?

பலரை அளந்து சராசரி கண்டால் போதாதா என்னும் ஐயம் எழலாம். 1950ஆம் ஆண்டில் அமெரிக்க வான்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளை அளந்தது. அவ்வாய்வில் பங்கேற்ற கில்பர்ட் டேனியல்ஸ் என்னும் இளம் ஆய்வாளர், உயரம், மார்பு, கை நீளம் முதலிய பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. சராசரி விமானிக்கென வடிவமைத்த இருக்கை எந்த விமானிக்கும் உரியதாக இல்லை! அதன் பின்னரே கூட்டவும் குறைக்கவும் இயலும் இருக்கைகளை வான்படை வற்புறுத்தியது. ஓர் உடலை ஒற்றை எண்ணில் அடக்க இயலாது என்பதே இதன் பாடம். அளவுகளுக்கிடையே உள்ள உறவையும் உடலின் வடிவையும் சேர்த்து அறிய வேண்டும்.

உடல் வருடி

இங்குதான் உடல் வருடி எனப்படும் முப்பரிமாண ஸ்கேனர் துணைக்கு வருகிறது. உடலை ஒட்டிய மெல்லிய உடையணிந்து ஒருவர் அதனுள் நிற்கிறார். சுற்றிலுமுள்ள கருவிகள் ஒளியை அவர்மீது வீழ்த்துகின்றன. மீண்டுவரும் ஒளியை ஒளிப்படக் கருவிகள் பதிவு செய்கின்றன. சில நொடிகளில் உடற்பரப்பின் இலட்சக்கணக்கான புள்ளிகள் கணினியில் ஒன்றுகூடி முழு உருவமாகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகளை அதிலிருந்து எடுக்கலாம். இதில் எக்ஸ் கதிர் இல்லை. அளப்பவரின் கையும் உடலில் படுவதில்லை. இம்முறையைக் கொண்டு பிரித்தானியாவில் 2001, 2002ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 11,000 பேர் அளக்கப்பட்டனர்.

இந்தியாவிலும் அத்தகைய முயற்சி 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. நடுவண் அரசின் ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவில், நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் இப்பொறுப்பை ஏற்றது. 15 முதல் 65 வரையுள்ள அகவையினர் 25,000 பேரை, தில்லி, மும்பை, கொல்கத்தா, ஷில்லாங் முதலிய ஆறு நகரங்களில் அளந்து, இந்தியர்க்குரிய அளவுப்பட்டியலை உருவாக்குவது அதன் நோக்கம். இதனை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். எனினும் மூன்று வினாக்களை எழுப்பாமல் வரவேற்பது அறிவுடைமையாகாது.

யாரை அளக்கிறோம்?

நம் நெய்வேலியில் நிலத்தை அளந்தறியாமல் ஒரு பிடி மண்ணையும் அள்ளுவதில்லை. பழுப்பு நிலக்கரி எத்தனை ஆழத்தில், எவ்வளவு தடிமனில் கிடக்கிறது என்பதை ஆங்காங்கே துளையிட்டுப் பார்த்து அறிந்த பின்னரே இயந்திரம் இறங்குகிறது. ஓரிடத்தில் மட்டும் துளையிட்டு ஊர் முழுவதையும் கணிப்பதில்லை. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சுரங்கப் பணி தொடங்கிவைக்கப்பட்ட காலம் முதல் நிலத்துக்குக் காட்டிய இந்தக் கவனத்தை, நிலத்தில் உழைக்கும் உடலுக்கும் காட்ட வேண்டாவா?

பெருநகரத்துக்கு வரக்கூடியவரை மட்டும் அளந்தால் பட்டியலில் பெருநகர உடலே பதிவாகும். சுரங்கத் தொழிலாளியும், வயலில் நாற்று நடும் பெண்ணும், மாற்றுத்திறனாளியும் அதில் இடம்பெற வேண்டும். அவர்களுக்கு உடையின் பொருத்தம் அழகு பற்றியது மட்டுமன்று. தளர்ந்த கைப்பகுதி சுழலும் இயந்திரத்தில் சிக்கலாம். பெரிதான காலணி இடறிவிடலாம். 2019ஆம் ஆண்டில் விதி தளர்த்தப்பட்டதால் திறந்தவெளிச் சுரங்கங்களில் பெண்கள் இரவு முறையிலும் பணியாற்றலாம். ஆண் உடலை நினைத்துத் தைத்த பாதுகாப்பு உடையைச் சிறிதாக்கித் தந்தால் அது பெண்ணுக்குரிய உடையாகிவிடாது. இங்கே பொருத்தம் என்பது உயிர்க்காப்பு.

பள்ளிச் சீருடையும் அவ்வாறே. தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தில் பயனடையும் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்கு விலையில்லாச் சீருடை வழங்கப்படுகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர் அவற்றைத் தைக்கின்றனர். நம் பிள்ளைகளின் மெய்யான அளவுகள் அச்சங்கங்களின் கையில் இருந்தால், தைப்பவரின் உழைப்பும் அணிபவரின் மகிழ்ச்சியும் ஒருசேரப் பெருகும்.

அளவு யாருக்குச் சொந்தம்?

இரண்டாம் வினா தனியுரிமை பற்றியது. தையற்காரரின் குறிப்பேட்டில் இருந்தவை சில எண்களே. வருடியில் பதிவாவதோ உடலின் முழு உருவம். அது எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பர், எப்போது அழிக்கப்படும் என்பனவற்றை அளவு தருபவர் முன்னரே அறிந்திருக்க வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு அகவை நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. மாணவர்களே, உங்களுள் பெரும்பாலோர் அந்த அகவையினர். உங்கள் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தால் அளவு சொல்லுவேன் என்னும் செயலிகள் வந்துவிட்டன. இலவசம் என்பதற்காக உங்கள் உருவத்தை அறியாதவரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

கருவியும் கலைஞரும்

மூன்றாவது, தையற்கலைஞரின் வாழ்வு. அளக்கும் வேலையைக் கருவி செய்துவிட்டால் அவர் எங்கே போவார் என்று கேட்போர் உள்ளனர். அந்த அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அசையாமல் நிற்கும் உடலை வருடி அளக்கிறது. கையைத் தூக்கிப் பேருந்தின் கம்பியைப் பிடிக்கும் உடலைத் தையற்கலைஞரே அறிவார். "வளர்ற பிள்ளை" என்னும் சொல்லின் பொருளும் அவருக்கே விளங்கும். எனவே புதிய அளவுப்பட்டியல் பெரிய ஆலைகளின் உடைமையாக முடங்காமல், சிற்றூர்த் தையற்கடைக்கும் மகளிர் குழுவுக்கும் தமிழில், கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். பொதுப்பணத்தில் எடுத்த அளவு பொதுவுடைமையாவதே முறை.

நிறைவாக

ஆள் பாதி, ஆடை பாதி என்பர். அந்த ஆடைப் பாதி, ஆள் பாதியை மதிக்க வேண்டும். எல்லாரையும் அளந்து, அவரவர் ஒப்புதலோடு காத்து, எல்லாருக்கும் பயன்படக் கொடுத்தால் உடல் வருடி நமக்கு நல்ல கருவி. அல்லாவிடில் பழைய ஊகத்தையே புதிய இயந்திரத்தால் செய்தவர்களாவோம்.

அடுத்த முறை ஓர் உடை பொருந்தாதபோது கண்ணாடி முன் நின்று உங்கள் உடலைக் கடிந்துகொள்ளாதீர்கள். கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் அந்தச் சிறு எழுத்தைப் பார்த்து, "இது யாரை அளந்து எழுதியது?" என்று கேளுங்கள். என் மாணவிக்கும் நான் அதையே சொன்னேன்.