ஊசி குத்தினால் மறைக்க வேண்டாம்

பிள்ளைக்கு மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால் வீட்டில் கொண்டாட்டம்தான். வெள்ளை அங்கியோடு எடுத்த படம் அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். ஆனால் அந்த அங்கி படம் எடுப்பதற்கானது அல்ல. ரத்தமும் ரசாயனமும் உடம்பில் படாமல் காக்கும் உடை அது.

சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டு நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 238 பேரைத் தொற்றி 33 உயிர்களைப் பறித்த சார்ஸ், மே மாத இறுதியில் அடங்கியது. செப்டம்பரில் மீண்டும் ஒருவருக்குச் சார்ஸ் உறுதியானது. அவர் ஓர் ஆய்வு மாணவர். ஆய்வுக்கூடத்தில் அவர் கையாண்டது வெஸ்ட் நைல் என்ற வேறொரு கிருமியை. அந்த மாதிரியில் சார்ஸ் கிருமியும் கலந்திருந்தது. பாதுகாப்பு நடைமுறைகளில் இருந்த குறைகளே காரணம் என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. நல்லவேளையாக மாணவர் குணமடைந்தார், வேறு யாருக்கும் தொற்றவில்லை. ஆபத்தான கிருமிகளைக் கையாளுவதற்கான தனிச் சட்டம் 2006 ஜனவரியில் நடப்புக்கு வந்தது.

இத்தகைய சம்பவங்கள் அரிது. மாணவர்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் ஆபத்து, பயன்படுத்திய ஊசி. ரத்தம் எடுத்த பிறகு ஊசிக்கு மீண்டும் மூடி போட முயலும்போது விரலில் குத்திக்கொள்பவர்கள் உண்டு. மூடி போடாமல், அதற்கென வைத்திருக்கும் கெட்டியான பெட்டியில் உடனே போட்டுவிட வேண்டும். பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

அப்படியும் குத்திவிட்டால்? சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கழுவுங்கள். காயத்தைப் பிதுக்க வேண்டாம். உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். எச்ஐவி உள்ள ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். அதையும் குறைக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஹெப்பட்டைட்டிஸ் பி இதைவிட எளிதில் தொற்றும். தடுப்பூசியால் எதிர்ப்புச் சக்தி பெற்றவர்கள் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இவ்வளவு வழி இருந்தும் சிலர் வாய் திறப்பதில்லை. திட்டு விழுமோ, மதிப்பெண் குறையுமோ, ‘கவனமில்லாதவர்’ என்ற பெயர் வருமோ என்ற பயம். அந்த மௌனத்தில் மருந்துக்கான நேரம் கழிந்துவிடுகிறது. அதே மேசையில் நாளை இன்னொருவருக்கும் குத்தலாம். யாராவது சொன்னால்தானே பெட்டியை எட்டும் இடத்தில் வைப்பார்கள்?

வீட்டிலும் சில பழக்கங்கள் தேவை. ஆய்வுக்கூட அங்கியோடு உணவகத்துக்குப் போக வேண்டாம். அதை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம். பள்ளியில் சலவை ஏற்பாடு இருந்தால் அங்கேயே கொடுத்துவிடலாம். கையுறை போட்ட கையால் கைப்பேசியைத் தொடக்கூடாது. அதே கைப்பேசிதான் இரவு சாப்பாட்டு மேசையில், தம்பி தங்கையின் கையில் இருக்கும்.

பெற்றோரே, பரீட்சையைப் பற்றி விசாரிக்கும்போது இதையும் கேளுங்கள்: “தடுப்பூசி எல்லாம் போட்டாச்சா? ஊசி குத்தினால் யாரிடம் சொல்லணும்னு தெரியுமா?” குத்திவிட்டது என்று பிள்ளை சொன்னால், திட்டாமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.