மலை ஏறுமுன் உடம்புக்கு இரண்டு நாள் லீவு கொடுங்கள்



இந்தக் கோடையில் லடாக் போகப் போவதாக நம் பிள்ளைகள் நாலைந்து பேர் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு குடும்பங்கள் முக்திநாத் யாத்திரைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

லடாக் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் டில்லியில் விமானம் ஏறி லேயில் இறங்குகிறீர்கள். மறுநாளே கர்துங் லா கணவாய். அதற்கடுத்த நாள் பாங்கோங் ஏரிக்கரையில் இரவுத் தங்கல். டில்லி கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர், லே சுமார் 3,500 மீட்டர், பாங்கோங் 4,200-க்கும் மேல், கர்துங் லா 5,300-க்கும் மேல். இத்தனை உயரத்தையும் மூன்றே நாளில் உடம்பின் தலையில் ஏற்றினால் அது என்ன செய்யும்?

காற்றழுத்தப் பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மலை மேலே காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை, அங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். லே உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் பாதி. கையில் கொண்டுபோகும் சிப்ஸ் பாக்கெட் மலை ஏற ஏற உப்புவதும் இதனால்தான்.

உடம்பு இதற்குத் தானாகவே ஈடுகொடுக்கக் கற்றுக்கொள்கிறது. முதலில் மூச்சு வேகமாகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு கூடுவதால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. மூளை உடனே மூச்சைக் கட்டுப்படுத்தப் பார்க்கும். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிசெய்ய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வரலாம், சிறுநீர் அடிக்கடி போகும். புதிய சிவப்பணுக்கள் போதுமான அளவு உருவாக வாரக்கணக்கில் ஆகும். எவ்வளவு பணம் கட்டினாலும் இந்த வேலையை அவசரப்படுத்த முடியாது.

"நான் தினமும் ஜிம்முக்குப் போறேன் சார்" என்கிறான் ஒருவன். நல்ல பழக்கம்தான், ஆனால் இதற்கு அது கவசம் ஆகாது. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து இமயத்துக்கு அவசரமாக ஏற்றப்பட்ட ராணுவ வீரர்களிடையே மலைநோய் பரவலாக வந்தது. 1,925 பேரின் நிலையை இந்திய மருத்துவர்கள் ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையில் பேசப்படுகிறது. அவர்களெல்லாம் இளைஞர்கள், பயிற்சி பெற்றவர்கள். இன்று நம் ராணுவம் முதல் கட்ட உயரத்தில் ஆறு நாள் பழக்கிய பிறகே வீரர்களை மேலே அனுப்புகிறது. வீரனுக்கு ஆறு நாள், நம் வீட்டு அறுபது வயது அத்தைக்கு ஒரே இரவு என்றால் அது என்ன கணக்கு?

நமக்கு இந்த அனுபவமும் கிடையாது. தமிழ்நாட்டின் உச்சி தொட்டபெட்டா, 2,637 மீட்டர்தான். ஊட்டிக்குப் போகும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வரும் குமட்டல் வேறு, உயரத்தால் வரும் நோய் வேறு. இது பெரும்பாலும் மேலே போய்ச் சேர்ந்து சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தலைச்சுற்றல். உயரத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் தெரியும்வரை உயரம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை இதுதான். லேயில் முதல் இரண்டு முழு நாள் சும்மா இருங்கள். மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். பகலில் உயரே போய்வந்தாலும் இரவில் தாழ்வான இடத்தில் தூங்குவது நல்லது. அதனால் லேயைவிடத் தாழ்வான நுப்ரா பள்ளத்தாக்கை முதலில் வையுங்கள், பாங்கோங்கைக் கடைசியில் வையுங்கள். முக்திநாத் போகிறவர்கள் ஜோம்சோமில் ஓர் இரவு தங்கி, மறுநாள் தரிசனம் முடித்து அங்கேயே இறங்கித் தூங்குங்கள்.

கற்பூரத்தை முகர்ந்தால் மூக்குக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆக்சிஜன் கூடாது. அசிட்டசோலமைடு மாத்திரை உண்மையிலேயே உதவும், ஆனால் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதய நோய், நுரையீரல் நோய், ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடுமுன்பே மருத்துவரைப் பாருங்கள்.

"ஆறு நாள்தான் லீவு சார்" என்பீர்கள். அப்படியானால் லேயைச் சுற்றியுள்ள மடாலயங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், பாங்கோங் அடுத்த முறைக்கு இருக்கட்டும். ஏரி எங்கும் ஓடிவிடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது நம் வீடுகளின் மௌனம். தன்னால் மற்றவர்கள் பயணம் கெடக்கூடாது என்று அம்மா தலைவலியை மறைப்பார். நண்பர்கள் கேலி செய்வார்களே என்று பையன் வாந்தியை மறைப்பான். சின்னக் குழந்தைக்குச் சொல்லவே தெரியாது. அதனால் காலையும் மாலையும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தலைவலி இருப்பவர் அது தீரும்வரை மேலே ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் விடாமல் வந்தாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதே கீழே இறக்கி, மருத்துவ உதவி தேடுங்கள்.

திரும்பி வருவது தோல்வி இல்லை என்று பயணம் கிளம்புமுன்பே வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போன பிறகு அதைப் பேசுவது கஷ்டம்.

திட்டத்தை மாற்றியவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள், எனக்கும் நிம்மதியாக இருக்கும். நல்லபடியாகப் போய் வாருங்கள்.