தண்ணீர் மீட்டருக்கும் ஒரு எக்ஸெல் ஷீட் போடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எக்ஸெல் பழகுங்கள் என்றால், "அது ஆபீஸ் வேலைக்குத்தானே, வீட்டில் எதற்கு?" என்று கேட்கிறார்கள். வேலை வாசலிலேயே இருக்கிறது. தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்து பாருங்கள். கோவையில் பல வீடுகளில் ரீடிங் எடுக்க வருபவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறப்பதில்லை.

மீட்டரில் பொதுவாகக் கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். சிவப்பு எண்களும் முட்களும் அதற்குக் குறைந்த அளவுகள். பல மீட்டர்களில் சிறிய நட்சத்திரச் சக்கரமோ முக்கோணமோ இருக்கும். மிகக் குறைந்த ஓட்டத்திலும் அது சுழலும்.

எக்ஸெல்லில் முதல் நெட்டு வரிசையில் தேதி, இரண்டாவதில் ரீடிங் டைப் செய்யுங்கள். மூன்றாவதில் இன்றைய ரீடிங்கிலிருந்து முந்தையதைக் கழிக்கும் பார்முலா. அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் பார்முலா வந்துவிடும். எக்ஸெல் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் நின்ற பிறகு ரீடிங் எடுங்கள். செலவு மாறாமல் எண் மட்டும் ஏறினால் கசிவைத் தேட வேண்டும்.

எல்லாக் குழாய்களையும் மூடி மீட்டரைக் கவனியுங்கள் என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும். நமக்கு அது பாதிதான் உதவும். இங்கே மீட்டரைத் தாண்டி தண்ணீர் முதலில் சம்ப்பில் விழுகிறது; பிறகுதான் மோட்டார், மேல் டேங்க் எல்லாம். பாத்ரூம் கசிவு மீட்டருக்கு உடனே தெரியாது. போர்வெல் உப்புத் தண்ணீரோ மீட்டர் பக்கமே வராது.

ஆகவே இரண்டு சோதனைகள் தேவை. சிறுவாணித் தண்ணீர் வரும் நேரத்தில், குழாயில் உள்ள காற்று போன பிறகு, சம்ப் வால்வையும் மீட்டருக்குப் பின்னுள்ள குழாய்களையும் மூடுங்கள். சக்கரம் சுற்றினால் இடையில் எங்கோ கசிவு. இரவில் மேல் டேங்க்கின் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, யாரும் குழாயைத் திறக்காமல் காலையில் பாருங்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்ட டேங்க்கில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர் போயிருக்கிறது. பெரும்பாலும் டாய்லெட் ஃப்ளஷ் டேங்க்தான் குற்றவாளி.

24 மணி நேரக் குடிநீர் விநியோகத்துக்காகக் கோவை மாநகராட்சி 2018ல் சூயஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. வரவேற்கிறேன். ஆனால் தண்ணீர் நிற்காது என்றால் கசிவும் நிற்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகும் குழாய், மூன்று மணி நேர சப்ளையில் 36 லிட்டரை வீணாக்கும். நாள் முழுக்க என்றால் 288 லிட்டர். புது இணைப்பு வரும் வரை காத்திருக்காமல், ஷீட்டை இந்த மாதமே தொடங்கி வைத்தால் ஒப்பிட ஒரு பழைய கணக்கு கையில் இருக்கும்.