ஹெட்செட் வாங்க முன் பிரவுசரைத் திறப்போம்



நம்ம பகுதிப் பாடசாலைகளின் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுக்களில் இப்ப ஒரு புதுப் பேச்சு: வி.ஆர். ஆய்வுகூடம். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற நம்ம பிள்ளைகள் அங்குள்ள கடைகளில் அந்த ஹெட்செட்டைத் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டு, "சேர், நம்ம ஸ்கூலுக்கும் 10 வாங்கித் தரட்டா?" என்று கேட்கிறார்கள். நல்ல மனசு. அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். ஆனால் 10 ஹெட்செட் வாங்குவதை நான் எதிர்க்கிறேன். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கு.

முதலில் கணக்கு. மெட்டா குவெஸ்ட் 3எஸ் 2024 ஒக்டோபரில் வந்தபோது அதன் ஆரம்ப விலை 299 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் ஒன்றுக்கு 90,000 ரூபா அளவில் வரும். 10 வாங்கினால் 9 இலட்சம். இறக்குமதிச் செலவு வேறு. அந்த 9 இலட்சத்துக்குப் பிள்ளை என்ன செய்யும்? யாரோ செய்த திமிங்கிலத்தையும் யாரோ செய்த நிலாவையும் பார்க்கும். 40 பேர் வகுப்பில் ஆளுக்கு 3 நிமிடம். அடுத்த தவணைக்குள் பற்றரி போகும், பட்டி அறுந்துவிடும். பிறகு அலுமாரிக்குள்.

அந்தத் திமிங்கிலத்தைச் செய்கிற வேலையை நம்ம பிள்ளை இன்றைக்கே, ஒரு ஹெட்செட்டும் இல்லாமல், கணினி ஆய்வுகூடத்தில் இருக்கிற பழைய கொம்பியூட்டரில் படிக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அதற்குத் தேவை ஒரு பிரவுசர். க்ரோம் போதும்.

இதன் கதை சுருக்கமாக: 2014-ல் மொஸில்லா நிறுவனத்தில் விளாடிமிர் வுகிசெவிச் என்பவரும் கூட்டாளிகளும் இணையப் பக்கத்தையே ஹெட்செட்டுக்குள் காட்டும் முயற்சியைத் தொடங்கினார்கள். வெப்விஆர் என்று பெயர். பிறகு அது வெப்எக்ஸ்ஆர் என்ற பொது நியமமாக வளர்ந்தது. 2019 டிசம்பரில் க்ரோம் 79-ஆம் பதிப்போடு வந்தது. இடையில் 2015 டிசம்பரில் அதே மொஸில்லாக்காரர்கள் ஏ-ஃப்ரேம் என்று ஒன்றை இலவசமாக வெளியிட்டார்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

ஏன் என்றால் ஏ-ஃப்ரேம் எழுதுவது எச்.டி.எம்.எல். எழுதுவது மாதிரி. உ/த ஐ.சி.ரி. பாடத்தில் நம்ம பிள்ளைகள் அதைத்தான் படிக்கிறார்கள். பரீட்சைக்காக ஒரு அட்டவணையும் இரண்டு தலைப்பும் எழுதிப் பழகிய அதே கையால், ஏ-பொக்ஸ் என்று ஒரு வரி எழுதினால் ஒரு பெட்டி நிற்கும். ஏ-ஸ்கை என்று இன்னொரு வரி எழுதினால் அதற்கு மேலே வானம் வரும். 10 வரிக்குள் ஒரு சின்ன உலகம்.

நான் கணிதமும் படிப்பிக்கிறதால எனக்குப் பிடித்த இடம் இதுதான். அந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்று 3 எண்களால் சொல்ல வேண்டும். முதலாவது வலம் இடம், இரண்டாவது உயரம், மூன்றாவது தூரம். அலகு மீற்றர். 0, 1, மைனஸ் 3 என்று கொடுத்தால் பெட்டி தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில், நமக்கு நேர் முன்னால் 3 மீற்றர் தள்ளி நிற்கும். மைனஸை விட்டுவிட்டால் பெட்டி முதுகுக்குப் பின்னால் போய்விடும்! "சேர், என்ட பெட்டியைக் காணல்ல" என்று ஒரு பிள்ளை சொல்லும். திரும்பிப் பார் என்று சொன்னால் அங்கே நிற்கும். மறை எண் எதற்கு என்று தரம் 7-ல் கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைக்கும். பார்க்கிறவரின் கண் 1.6 மீற்றர் உயரத்தில் இருப்பதாக ஏ-ஃப்ரேம் தானாக வைத்துக்கொள்ளும். வளர்ந்த ஆளின் கண் மட்டம் அது. சின்னப் பிள்ளையின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அந்த எண்ணைக் குறைத்தால் சரி.

இன்டர்நெட் இல்லாத ஆய்வுகூடமா? ஏ-ஃப்ரேம் ஒரேயொரு கோப்பு. பென்ட்ரைவில் கொண்டுவந்து போட்டால் பெட்டி, உருண்டை, உருளை எல்லாம் நெட் இல்லாமலே ஓடும். புகைப்படம் சேர்க்கும்போது மட்டும் கொம்பியூட்டரிலேயே ஒரு சின்ன சேர்வர் ஓடவிட வேண்டும். ஹெட்செட் கையில் இல்லாவிட்டாலும், இருக்கிற மாதிரி நடிக்கிற இலவச எக்ஸ்டென்ஷன் க்ரோமில் உண்டு. செய்து முடித்ததைக் கிட்ஹப்பில் இலவசமாகப் பதிவேற்றினால் ஒரு லிங்க் கிடைக்கும். எந்த ஆப் கடையிலும் அனுமதி கேட்கத் தேவையில்லை. தோஹாவில் இருக்கிற வாப்பா போனில் அந்த லிங்க்கைத் திறந்து மகள் கட்டிய வீட்டுக்குள் சுற்றிப் பார்க்கலாம். போனில் ஜைரோஸ்கோப் இருந்தால் போனைத் திருப்பத் திருப்பக் காட்சியும் திரும்பும். மலிவான போன்களில் அது இருக்காது, விரலால் இழுக்க வேண்டியதுதான்.

வாங்கின பொருளுக்கு என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கு. உலகம் முழுக்கப் பாடசாலைகளுக்குப் போன கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் 2021 ஜூனோடு மூடப்பட்டது. அதே வருடம் கூகுள் தன் கார்ட்போர்ட் கண்ணாடி விற்பதையும் நிறுத்தியது. மைக்ரோசொப்ட்டின் விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி 2024-ல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதை நம்பி ஹெச்பி, ஏசர், சம்சுங் செய்த ஹெட்செட்டுகளைப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார்கள். பணக்கார நாடுகள் அதைத் தாங்கும். நம்ம பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தாங்காது.

பிரவுசர் பக்கமும் எல்லாம் நிலையானது என்று சொல்ல மாட்டேன். மொஸில்லாவே தன் ஹெட்செட் பிரவுசரை 2022-ல் கைவிட்டது. ஆனால் அதன் மூலநிரல் திறந்தே இருந்ததால் இகாலியா என்ற நிறுவனம் எடுத்து வொல்விக் என்ற பெயரில் நடத்துகிறது. அப்பிளின் விஷன் ப்ரோவும் 2024 முதல் வெப்எக்ஸ்ஆரை ஏற்கிறது. ஹெட்செட் மாறினாலும் பிள்ளை எழுதிய கோப்பு பிள்ளையிடமே இருக்கும்.

சரி, பிள்ளைகள் எதைக் கட்டுவார்கள்?

என் ஆசை ஒன்று. 2004 டிசம்பர் 26-ல் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நம்ம அம்பாறை. இன்றைக்கு உ/த படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் கடற்கரையோடு இருந்த ஒழுங்கைகளை அவர்கள் கண்டதில்லை. அலைக்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றர் தடை வலயம் என்று அறிவித்தார்கள். பழைய வளவுகளின் கணக்கு மாறிப்போனது. எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு, கிணறு எங்கே, கரைவலை இழுத்த இடம் எது, தறிச் சத்தம் எந்த வளவில் கேட்டது என்பதெல்லாம் இப்ப 60 தாண்டிய உம்மாமார், வாப்பாமாரின் நினைவில்தான் இருக்கு. அந்த நினைவுக்கும் வயதாகுது.

பிள்ளைகள் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு, கொப்பியில் ஒழுங்கையை வரைந்து, அடியால் அளந்து சொன்னதை மீற்றருக்கு மாற்றி, பெட்டி பெட்டியாகக் கட்டட்டும். அழகாக வராது. சுவர் சதுரமாக இருக்கும், தென்னை உருளையாக இருக்கும். பரவாயில்லை. இதை நம்மைத் தவிர வேறு யாரும் செய்து தரப்போவதில்லை. ஒரு நிபந்தனை: அலையைக் கட்டக் கூடாது. ஒரு தாயின் கண்ணில் மாட்டி அதைத் திரும்பக் காட்டுகிற உரிமை யாருக்கும் இல்லை. வீட்டுக்காரரின் அனுமதியும் கேட்க வேண்டும்.

இன்னொன்று, நம்ம பெண் பிள்ளைகள். கொழும்பில் போய் மூன்று மாத கோர்ஸ் படிக்க எத்தனை வீட்டில் அனுப்புவார்கள்? இதற்கு எங்கேயும் போகத் தேவையில்லை. வீட்டில் ஒரு பழைய லேப்டொப் இருந்தால் இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து செய்யலாம்.

குறையையும் சொல்லணும். பெரிய விளையாட்டுகளைச் செய்ய பிரவுசர் பத்தாது, யூனிட்டி போன்றவை வேண்டும். காட்சியில் அதிகம் திணித்தால் படம் இழுபடும். குவெஸ்ட்டில் வினாடிக்குக் குறைந்தது 72 தடவையாவது படம் மாறாவிட்டால் மாட்டியிருக்கிறவருக்குத் தலை சுற்றும். இதை உண்மையான ஹெட்செட்டில்தான் சோதிக்க முடியும். அதனால் ஒன்றுமே வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 2 வாங்குங்கள். நாலைந்து பாடசாலைகள் மாற்றி மாற்றிப் பாவிக்கட்டும். மிச்சக் காசில் ஆய்வுகூடத்தில் படுத்துக் கிடக்கிற கொம்பியூட்டர்களை எழுப்புங்கள், ரெம் போடுங்கள். பெற்றோருக்கு ஒரு குறிப்பு: 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மெட்டாவே கணக்குத் தருவதில்லை. தம்பி தங்கச்சியின் தலையில் மாட்ட வேண்டாம்.

வரும் தவணை விடுமுறையில் 15 பிள்ளைகளோடு, 5 நாள், காலை 8.30 முதல் லுஹர் வரை நடத்தலாம் என்று இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். கட்டணம் இல்லை. பாவிக்காத லேப்டொப் வீட்டில் கிடந்தால் சொல்லுங்கள், பழசானாலும் க்ரோம் ஓடினால் போதும். பழைய கடற்கரை ஒழுங்கைகளின் புகைப்படம் யாரிடமாவது இருந்தால், அது அதைவிடப் பெரிய உதவி.